மே மூன்றாம் தேதி பிறந்தவன்

அறுபத்திரண்டு. எங்க டோக்கன் அறுபத்திரண்டு, போர்டுல நாப்பத்தெட்டு ஓடுது, நடுவுல பதிமூணு பேர் இருக்கணும், ஆனா எங்க ரெண்டு பேரை விட்டுட்டு எண்ணிப் பாத்தா இந்த ஹால்ல ஒன்பது பேர்தான் உக்காந்திருக்காங்க. மீதி நாலு பேர் எங்க போனாங்க? வெளில நின்னு சிகரெட் பிடிப்பாங்க, உங்களுக்கு என்னங்க அதுலன்னு மேகலா சொல்றா. என் பொண்டாட்டிகிட்ட எல்லாத்துக்கும் ஒரு சாதாரண பதில் ரெடியா இருக்கும். குடியுரிமைக்கு எழுதிப் போட்டு எட்டு மாசம் ஆகுது. இந்த அடிலெய்டுல எங்களுக்குத் தெரிஞ்ச அத்தனை பேருக்கும் நேரா பரீட்சைக்குத் தேதி வந்துச்சு, போனான், எழுதினான், கொடியைப் பிடிச்சுக்கிட்டு போட்டோ போட்டான், முடிஞ்சுது கதை. எனக்கு மட்டும் கடுதாசி. உங்கள் அடையாளம் தொடர்பான ஒரு விவரத்தை நேரில் உறுதி செய்ய வேண்டியிருக்கிறது, மனைவியையும் அழைத்து வரவும். ஒரு விவரம். என்ன விவரம்னு எழுதினா கை தேஞ்சா போயிடும்? எழுத மாட்டான். எழுதினா நாம தயாராயிடுவோம்ல. வெறுங்கையோட வரணும், வந்து உக்காரணும், உக்காந்து வேர்க்கணும், அதை மேல இருக்கற அந்தக் கேமரா பாக்கணும். இந்த ஹால்ல மூணு கேமரா இருக்கு, ரெண்டு கதவைப் பாக்குது, ஒண்ணு நேரா என்னைப் பாக்குது. நான் எடம் மாறி உக்காந்தும் பாத்துட்டேன். அடையாளம்னா என்ன இருக்கு, பேரு, மூஞ்சி, பிறந்த தேதி. பேரு தனசேகர் ராமலிங்கம், அதுல வில்லங்கம் இல்லை. மூஞ்சி நாப்பது வருஷமா இதேதான். மிச்சம் ஒண்ணே ஒண்ணு. அந்த ஒண்ணைத்தான் நான் பொய்யா எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்.

ஆறு மாசமும் ஆறு நாளும், அவ்வளவுதான் பொய். நான் பொறந்தது எண்பத்தஞ்சு நவம்பர் ஒன்பது, ஐப்பசி அஸ்தம், தீபாவளிக்கு ரெண்டு நாள் இருந்துச்சு, அம்மா அதிரசத்துக்குப் பாகு வச்சுட்டு வலின்னு உக்காந்துட்டாங்களாம், பாகு முறுகிப்போச்சுன்னு இன்னைக்கும் என்மேல ஒரு குறை உண்டு அவங்களுக்கு. பாஸ்போர்ட்ல மே மூணு. திருவெறும்பூர்ல எங்க செட்டுப் பசங்களை வரிசையா நிக்க வச்சுக் கேளுங்க, பாதிப் பேர் மே மாசமோ ஜூன் மாசமோதான் பொறந்திருப்பான், அந்த ரெண்டு மாசத்துல அப்படி என்னதான் விசேஷமோன்னு டாக்டரே திகைச்சுப் போவார். ஜூலைக்குள்ள அஞ்சு வயசு முடியணும், இல்லாட்டி ஒண்ணாங்கிளாஸ் கிடையாது. ஒரு வருஷம் இவன் வீட்ல உக்காந்து யாரைக் காப்பாத்தப் போறான்னு அப்பா என்னை சைக்கிள் பார்ல வச்சுக் கூட்டிட்டுப் போனார். வலது கையைத் தலைக்கு மேல போட்டு இடது காதைத் தொடுறா பாப்போம்னார் ஹெட்மாஸ்டர். எட்டலை. ஒரு விரக்கடை பாக்கி இருந்துச்சு. அப்பா பின்னாடி நின்னு என் முழங்கையை மெல்ல ஒரு தள்ளு தள்ளினார், தொட்டுட்டேன். எந்தத் தேதி போடட்டும்? மே மாசத்துல நீங்களா பாத்து ஏதாவது போட்டுக்குங்க சார். பேனாவை ஒரு உதறு உதறி அவர் போட்டதுதான் மூணு. அந்த மூணு பத்தாங்கிளாஸ் சர்டிபிகேட்டுக்குப் போச்சு, இன்ஜினியரிங் காலேஜுக்குப் போச்சு, பாஸ்போர்ட், விசா, டிரைவிங் லைசென்ஸ், கல்யாணப் பதிவுன்னு எல்லாத்துக்கும் என்கூடவே வந்துச்சு. ஊர்ல இதை யாரும் பொய்னு சொல்ல மாட்டாங்க. சர்டிபிகேட் தேதின்னு சொல்லுவாங்க. பொண்ணு பாக்க வந்தப்பகூட மேகலா அப்பா கேட்டார், இது ஜாதகத் தேதியா சர்டிபிகேட் தேதியான்னு. இந்த ஊர்க்காரனுக்கு அதைப் புரிய வைக்க முடியுமா? இவன் ஆஸ்பத்திரியில பொறந்த நிமிஷத்தையே எழுதி வச்சிருக்கற ஜாதி. குடியுரிமை ஃபாரத்துல பிறப்புச் சான்றிதழ் கேட்டிருந்தான். அது இருக்கு. பாய்லர் ஆலை ஆஸ்பத்திரியில பதிஞ்சு வாங்கினது, நவம்பர் ஒன்பதுன்னு போட்டு, அம்மாவோட பீரோவுல பட்டுப்புடவைக்கு அடியில பத்திரமா இருக்கு. வச்சா ரெண்டு தேதி ஆகும், ரெண்டு தேதின்னா ரெண்டு ஆளு, இதுல நீ யாருடான்னு கேப்பான், வருஷக்கணக்கா இழுப்பான். அதனால என் பிறப்பு பதிவு செய்யப்படவில்லைன்னு ஒரு கட்டத்துல டிக் அடிச்சேன். கீழே, மேற்கண்டவை அனைத்தும் உண்மை, கையெழுத்து. அப்பா தள்ளினது முழங்கையை. இதை யாரும் தள்ளலை, நானாத்தான் போட்டேன். இல்லை, தள்ளினான். ஜெரால்டு தள்ளினான்.

ஜெரால்டு. பொன்மலை ஜெரால்டு. ஒன்பது வருஷமா ஒரே கம்பெனியில ரெண்டு பேரும் வெல்டிங் ஆய்வு இன்ஜினியர், ஊருக்கு அந்தாண்ட அத்துவானக் காட்டுல நிக்கற எண்ணெய் டேங்குக்குள்ள ஒருத்தன் டார்ச் பிடிக்க ஒருத்தன் சோதிக்கன்னு வெந்தவங்க நாங்க. டேய் சேகரு, இருக்குன்னு சொன்னாத்தானே குடுக்கணும், பதிவே ஆகலைன்னு எழுது, பத்தாங்கிளாஸ் சர்டிபிகேட்டை வை, நானும் அப்படித்தான் வச்சேன்னான். அவன் கதை என் கதையை விட மோசம். அவங்கப்பா ரயில்வே. பையனுக்கும் ரயில்வே வேலை வாங்கிடணும், கடைசியில கூடக் கொஞ்சம் சர்வீஸ் கிடைக்கட்டும்னு வயசைக் குறைச்சுப் போட்டுட்டார். மாதாகோயில் ரெஜிஸ்டர்ல ஞானஸ்நானத் தேதி அப்படியே இருக்கு. பள்ளிக்கூடக் கணக்குப்படி பாத்தா அவன் பொறக்கறதுக்கு ஒன்பது மாசம் முன்னாடியே சாமியார் அவன் தலையில தண்ணி ஊத்திட்டார். இதை அவனே சொல்லி அவனே சிரிப்பான், டேங்கே அதிரும். போன வருஷம் அவனுக்குக் குடியுரிமை வந்துச்சு. எனக்கு போட்டோவுக்குப் பின்னாடி ஒரு குடிமகன் கையெழுத்துப் போடணும், இது இன்னாரோட உண்மையான படம், இவரை எனக்கு இத்தனை வருஷமாத் தெரியும்னு. அதையும் அவன்தான் போட்டான். அது வரைக்கும் சரி. போன மாசம் என் நட்சத்திரத்துக்கு மேகலா இங்க கோயில்ல அர்ச்சனை பண்ணினா, ஜெரால்டும் வந்து சக்கரைப் பொங்கல் ரெண்டு கப் தின்னான், மறுநாள் கேன்டீன்ல அத்தனை பேர் முன்னாடி கேக்கறான், ஏன்டா மே மாசம் ஆபீஸ்ல கேக்கு வெட்டினே, இப்ப கோயில்ல பொங்கல் வைக்கிறே, உனக்கு மொத்தம் எத்தனை அம்மாடான்னு. தமிழ்ல கேட்டிருந்தாப் பரவாயில்லை. இங்கிலீஷ்ல கேட்டான். மேனேஜர் என்னன்னு கேக்க, எங்க ஊர்ல பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிறந்தநாள், சாமிக்கு ஒரு பிறந்தநாள்னு விளக்கம் வேற. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அதுக்குப் பதினோராம் நாள் இந்தக் கடுதாசி. பதினோரு நாள். ஒரு ஆபீஸ்ல ஒரு தகவல் போய்ச் சேர்ந்து, ஃபைலைத் தேடி எடுத்து, கடுதாசி அடிச்சுத் தபால்ல போட சரியா பதினோரு நாள் ஆகும்.

அவன் ஏன் சொல்லப்போறான்னு மேகலா கேட்டா. ஏன் சொல்ல மாட்டான்? கப்பல் கட்டுற எடத்துல வெல்டிங் ஆய்வுக்கு ஒரே ஒரு மூத்த இன்ஜினியர் வேலை விழுந்திருக்கு, குடிமகனா இருந்தாத்தான் உள்ளயே விடுவான். அதுக்கு அவனும் எழுதியிருக்கான், நானும் எழுதியிருக்கேன், ஜனவரிக்குள்ள எனக்குக் குடியுரிமை வந்தாத்தான் என் பேர் பட்டியல்ல நிக்கும். அந்த வேலை வந்தா இனிமே மூணு வாரம் பாலைவனம் ஒரு வாரம் வீடுங்கற பொழப்பு கிடையாது. பாப்பாவுக்கு ஏழு வயசு. அவ படத்துல வீடு வரையறப்ப அம்மாவை வாசல்ல வரைவா, என்னை ஒரு ஏரோபிளேன் ஜன்னல்ல வரைவா. அது எனக்கு வேணும், அந்த வேலை எனக்கு வேணும், தினம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வர்ற மனுஷனா இருக்கணும். அந்த வேலை விழுந்திருக்குன்னு முதல்ல சொன்னதே ஜெரால்டுதாங்க, போட்டி போடணும்னு நினைக்கிறவன் உங்ககிட்ட வந்து சொல்லுவானான்னு மேகலா கேக்கறா. அதுதான் எனக்குமே இடிக்குது. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். சொன்னாத்தான் நாளைக்கு அவன்மேல சந்தேகம் வராதுன்னு சொல்லியிருப்பான். நானா இருந்தா அப்படித்தான் செய்வேன். சீ, நான் செய்ய மாட்டேன், செய்யறவன் அப்படித்தான் செய்வான்னு சொல்ல வந்தேன். அம்பத்தொண்ணு. அம்பத்திரண்டை விட்டுட்டு அம்பத்திமூணு கூப்பிட்டான், அம்பத்திரண்டு எங்க?

எதுத்தாப்புல கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருத்தன் வந்ததுலேர்ந்து போனையே பாத்துக்கிட்டிருக்கான், ஆனா விரல் நகரலை. நிறம் நம்ம நிறம். மேகலா, இங்க தமிழ்ல பேசாதேன்னேன். ஏங்க? தமிழ் தெரிஞ்சவனைக் கொண்டாந்து நடுவுல உக்கார வச்சிருப்பான், நாம என்ன பேசிக்கறோம்னு கேக்க. அவ என்னை ஒரு பார்வை பாத்தா. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ங்கறது சரியாத்தான் இருக்கு. அவர் பாட்டுக்கு உக்காந்திருக்கார். தண்ணி குடிங்க." தண்ணி குடிச்சா ஒண்ணுக்குப் போகணும், போற நேரம் பாத்து நம்பரைக் கூப்பிட்டுட்டு ஆள் வரலைன்னு எழுதிடுவான். வேணாம்னேன். அப்ப என் போன் சட்டைப் பையில துடிச்சுது. ஜெரால்டு. ஆல் த பெஸ்ட் மச்சான், எல்லாம் நல்லா நடக்கும், கூல்! இன்னைக்குத்தான்னு இவனுக்கு எப்படித் தெரியும்? ஒரு வாரமா நான் அவன்கிட்ட முகங்குடுத்துப் பேசலை, நாலு தடவை கூப்பிட்டான், எடுக்கலை. ஆபீஸ்ல பல்லு வலின்னு லீவு போட்டிருக்கேன். தேதி எனக்கும் மேகலாவுக்கும் இந்தக் கட்டடத்துக்கும்தான் தெரியும். போனை அவ மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். அவ அலட்டிக்கவே இல்லை. "நான்தான் சொன்னேன். இங்க எத்தனை மணியாகும்னு யார் கண்டா, மூணு மணிக்குப் பாப்பாவை ஸ்கூல்லேர்ந்து யாரு கூட்டிட்டு வர்றது? ஜெரால்டு அண்ணன் தானே போறேன்னுச்சு. பள்ளிக்கூடத்துல அவர் பேரைத்தானே எழுதிக் குடுத்திருக்கோம்." அப்ப ரெண்டு பேரும் பேசிக்கறாங்க. என் முதுகுக்குப் பின்னாடி பேசிக்கறாங்க. எப்ப சொன்னேன்னேன். நேத்து. போன்லயா நேர்லயா? "என்னங்க, போலீஸ் ஸ்டேஷன்ல கேக்கற மாதிரி கேக்கறீங்க?" அவ குரல் கொஞ்சம் உசந்துடுச்சு, கட்டம் போட்ட சட்டைக்காரன் தலையைத் தூக்கிப் பாத்தான். பாத்தியா, பாத்தியா, புரியுது அவனுக்கு. அப்புறம் அம்பத்தஞ்சுன்னு கூப்பிட்டு ஏதோ நேபாளத்துப் பேரு வாசிச்சாங்க, அவன் எந்திரிச்சுப் போனான். மேகலா உதட்டைச் சுழிச்சா. பேருதானே, பேரை எப்படி வேணா வச்சுக்கலாம்.

மேகலாவைச் சொல்லிக் குத்தமில்லை. அவளுக்கு எல்லாம் நேரா இருக்கு. அவ பொறந்த தேதியும் சர்டிபிகேட் தேதியும் ஒண்ணு, அவங்கப்பா தாலுகா ஆபீஸ்ல கிளார்க்கு, பொறந்த மூணாம் நாளே பதிஞ்சு லேமினேட் பண்ணி வச்சுட்டார். மடியில கனமில்லாதவளுக்கு வழியில என்ன பயம். ஒரு தடவை சண்டையில சொன்னா, உங்களுக்குச் சம்பளம் குடுத்து விரிசல் தேடச் சொல்றாங்க சரி, வீட்டுக்கு வந்துமா தேடணும்னு. அதுல நியாயம் இருக்கு. என் தொழிலே சந்தேகப்படறதுதான். வெளியிலேர்ந்து பாத்தா வெல்டு மீன் செதில் அடுக்கின மாதிரி அம்சமா இருக்கும், உள்ள ஒரு மில்லிமீட்டர் காத்துக்குமிழ் கிடக்கும். ஜெல்லைத் தடவி, கருவியை வச்சு, சத்தத்தை உள்ள அனுப்பி, எங்கேயாவது முன்கூட்டியே திரும்பி வருதான்னு திரையைப் பாத்துக்கிட்டே இருக்கணும். திரும்பி வந்தா அங்க ஏதோ இருக்கு. பதினஞ்சு வருஷத்துல நான் நல்லாருக்குன்னு விட்டது எதுவும் உடைஞ்சதில்லை. ஆனா நல்லா இருந்ததையே குடைஞ்சு தோண்டி மறுபடி வெல்டு பண்ண வச்சு பாழாக்கினது ரெண்டு மூணு உண்டு, அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. ஜெரால்டுக்குத் தெரியும். ஒரு தடவை அவன் என் கையைப் பிடிச்சுட்டான், விடுடா, அது ஒண்ணுமில்லை, அது சும்மா ஓரத்துலேர்ந்து வர்ற சத்தம், அதைப் போய்க் கிண்டாதேன்னு. கிண்டினேன். ஒண்ணுமே இல்லை அங்க. அவன் யார்கிட்டயும் மூச்சு விடலை, ராத்திரி ஷிப்டு முடியற வரைக்கும் நின்னு என்கூட சரிபண்ணிக் குடுத்தான். அப்படிப்பட்டவனா போட்டுக் குடுப்பான்? அப்படிப்பட்டவனாச்சே, அவனுக்கு என் குடல் வரைக்கும் தெரியுமே, போட்டுக் குடுக்கணும்னா அவனாலதானே முடியும்? வேற யாருக்கு இது தெரியும், சொல்லு. அம்மாவுக்குத் தெரியும். அம்மா போன தீபாவளிக்கு வாட்ஸப்புல சான்றிதழைப் போட்டோ எடுத்து அனுப்பி, இந்த நாள்தான் என் ராசா பொறந்தான்னு குடும்ப குரூப்ல போட்டாங்களே! ஐயோ. அதை அழிச்சேன், என் போன்ல மட்டும்தானே அழிஞ்சிருக்கும், மத்த முப்பத்தாறு பேர் போன்ல அப்படியேதானே இருக்கு. மாமா பையன் ஒருத்தன் சிட்னியில இருக்கான். அவனுக்கு நிரந்தர விசா கிடைக்கலைன்னு என்மேல வருத்தம். இல்லை, அவன் சோம்பேறி, அவன் கடுதாசியெல்லாம் எழுத மாட்டான். ஜெரால்டுதான். சுத்திச் சுத்தி வந்து நிக்கறது அவன்கிட்டத்தான். அம்பத்தெட்டு.

என்ன செய்யணும்னு ராத்திரியெல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன். வழி ஒண்ணு, கேட்டதுக்கு மட்டும் பதில். இது மேகலா கட்சி. காலையில இட்லி வைக்கும்போதுகூட சொன்னா, "அவங்க கேக்கறதை முழுசாக் கேளுங்க, கேட்டுட்டு அதுக்கு மட்டும் சொல்லுங்க. நீங்களா எதையும் எடுத்து விடாதீங்க. உங்க வாய் சும்மா இருக்காது." வழி ரெண்டு, அவன் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடறது. தானா ஒத்துக்கிட்டவனுக்கு சலுகை உண்டுன்னு எங்கயோ படிச்சேன், பொய் சொல்லிப் பிடிபட்டவனை மட்டும்தான் விசாவையும் சேத்துப் பிடுங்கி விமானம் ஏத்துவானாம். எங்க படிச்சேன்? ஞாபகமில்லை. ஜெரால்டு சொன்னானோ? அவன் சொல்லியிருந்தா அது வலை. வழி ஒண்ணுதான், வாயே திறக்கறதில்லை. சரி, வாயே திறக்கறதில்லைன்னு முடிவு. ஆனா உள்ள இருக்கற ஆபீசருக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்து, நான் சொல்றேனா இல்லையான்னு பாக்கறதுக்குத்தான் கூப்பிட்டிருந்தா? அப்ப வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கறதே ரெண்டாவது பொய் ஆயிடுமே. தெரியாம இருந்து நான் சொல்லிட்டா? ஐயோ, தலை வலிக்குது. ஒரு அடையாளம் பாக்கலாம். அந்த ஆபீசர் வாயிலேர்ந்து ஜெரால்டுன்னு பேர் வந்தா அவன் சொல்லிட்டான்னு அர்த்தம், அப்ப நான் சொல்லிடணும். வரலைன்னா வாயைத் திறக்கக் கூடாது. இது நல்ல வழி. இப்ப கொஞ்சம் மூச்சு வருது. மேகலா என் கையைப் பிடிச்சுக்கிட்டா, உள்ளங்கை ஈரத்தை அவ சுடிதார் துப்பட்டாவுல துடைச்சு விட்டா, பாப்பாவுக்குத் துடைக்கிற மாதிரி. அறுபத்திரண்டு. நாலாம் நம்பர் அறை.

வாங்க மிஸ்டர் ராமலிங்கம்னு எங்கப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க அங்க உக்காந்திருந்த ஆபீசரம்மா. அப்பா செத்து ஆறு வருஷம் ஆகுது, இந்த ஊர்ல தினம் யாராவது அவரைக் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்காங்க. அறுபது வயசு இருக்கும், கண்ணாடியைச் சங்கிலியில கோத்துக் கழுத்துல மாட்டியிருந்தாங்க, வெயில் அதிகம் இல்லையான்னு கேட்டாங்க. ஆமான்னு மேகலா சொன்னா. நான் சொல்லலை. வெயிலைப் பத்தி ஏன் கேக்கணும், பேச்சுக் குடுத்துப் பாக்கறாங்க. ஃபைலைத் திறந்தாங்க. என் போட்டோவைக் கையில எடுத்தாங்க, திருப்பிப் பின்னாடி பாத்தாங்க, கண்ணாடியை மாட்டிக்கிட்டு என் மூஞ்சியைப் பாத்தாங்க, மறுபடி படத்தைப் பாத்தாங்க. "முதல்ல மிஸ்டர் ஜெரால்டைப் பத்திக் கேட்டுடறேன். அவரை உங்களுக்கு எவ்வளவு காலமாத் தெரியும்?" வந்துடுச்சு. பேர் வந்துடுச்சு. என் காதுல டேங்குக்குள்ள சுத்தியல் அடிக்கற சத்தம் கேட்டுச்சு, மேகலா கால் என் கால்மேல அழுத்தினது தெரிஞ்சுது, ஆனா வாய் ஏற்கெனவே திறந்தாச்சு. ஒன்பது வருஷமா எனக்கு வராத இங்கிலீஷ் அப்ப அருவி மாதிரி கொட்டுச்சு. அவர் என்ன சொல்லியிருப்பார்னு எனக்குத் தெரியும் மேடம், ஆமா, என் பிறந்த தேதி மே மூணு இல்லை, நவம்பர் ஒன்பது, பிறப்புச் சான்றிதழ் எங்கம்மாகிட்ட இருக்கு, இல்லைன்னு நான் எழுதினது தப்பு, ஆனா எழுதச் சொன்னது அவர். அவரும் அதேதான் செஞ்சார். அவர் தேதியும் பொய், அவர் கோயில் ரெஜிஸ்டரை வாங்கிப் பாருங்க, ஒன்பது மாசம் வித்தியாசம், அதை மறைச்சுத்தான் அவர் குடிமகன் ஆனார், என்னைச் சொல்ல அவருக்கு என்ன யோக்கியதை. விடுங்க, விடுங்கன்னு மேகலா தமிழ்ல சொல்லிக்கிட்டே இருந்தா. நான் விடலை. சொல்லச் சொல்ல நெஞ்சுலேர்ந்து ஒரு பாரம் இறங்கற மாதிரி, அவ்வளவு சுகமா இருந்துச்சு, வெக்கமா இருக்கு இப்ப சொல்ல.

அந்தம்மா கண்ணாடியைக் கழட்டித் தொங்க விட்டாங்க. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முன்னாடி வச்சுக்கிட்டு, மெதுவா இன்னொரு தடவை சொல்லுங்கன்னாங்க. சொன்னேன். எழுதினாங்க. அவர் முழுப் பேர்? சொன்னேன். எங்க வேலை பாக்கறார்? சொன்னேன். எல்லாம் எழுதி முடிச்சு அந்த போட்டோவை என் பக்கம் திருப்பி நகர்த்தினாங்க. படத்துக்குப் பின்னாடி ஜெரால்டு குண்டு குண்டா எழுதியிருந்தான், இது தனசேகர் ராமலிங்கத்தின் உண்மையான படம், இவரை எனக்கு ஒன்பது வருடங்களாகத் தெரியும். மை ஊறி முன்பக்கம் வந்து என் மூக்கும் ஒரு கண்ணும் நீலமாக் கலைஞ்சு கிடந்துச்சு. "இதனாலதான் உங்களைக் கூப்பிட்டோம். முகம் சரியாத் தெரியலை. உங்களை நேர்ல ஒரு தடவை பாத்துட்டு, கையெழுத்துப் போட்டவர் இவர்தானேன்னு உங்க ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டு, புதுசா ஒரு படம் எடுத்துக்கலாம்னு இருந்தேன். பத்து நிமிஷ வேலை." அவங்க குரல்ல கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும். மிஸ்டர் ஜெரால்டு எதுவும் சொன்னாரான்னு கேட்டேன். "அவர் எங்ககிட்ட எதுவும் சொன்னதில்லை. நாங்களும் அவர்கிட்ட எதுவும் கேட்டதில்லை." இனிமே கேப்பாங்க. நீங்க சொன்னதை நான் கேக்காத மாதிரி இருக்க முடியாது மிஸ்டர் ராமலிங்கம், வேற பிரிவுக்கு அனுப்பியாகணும், உங்க விண்ணப்பம் அதுவரைக்கும் நிக்கும், அவரோட ஃபைலையும் மறுபடி எடுப்பாங்க. நான் பொய் சொன்னேன் மேடம், கோபத்துல ஏதோ உளறிட்டேன்னேன். அதையும் எழுதிக்கிட்டாங்க. அப்புறம் சுவரோரமா நிக்க வச்சு, வந்தது வந்துட்டீங்க, படத்தையும் எடுத்துடலாம்னு, சிரிக்காம நேராப் பாருங்கன்னு ஒரு படம் எடுத்தாங்க. வெளில வர்றப்ப கதவைப் பிடிச்சுக்கிட்டு சொன்னாங்க, "விசாரணை முடியற வரைக்கும் இதைப் பத்தி அவர்கிட்ட நீங்க எதுவும் பேசக்கூடாது. பேசினா அது தனிக் குத்தம் ஆகும்."

மேகலா லிஃப்டுல என்னைப் பாக்காம கதவைப் பாத்து நின்னா. கார்ல உக்காந்து பெல்ட்டைப் போட்டுட்டு, ஒன்பது வருஷத்துல நான் கேட்டிராத ஒரு குரல்ல, நிதானமா சொன்னா, "மூணரைக்கு அவர் பாப்பாவைக் கூட்டிட்டு வருவார். டீ குடிச்சுட்டுத்தான் போவார். என்ன ஆச்சுடா, முடிஞ்சுதான்னு கேப்பார். நான் பாப்பாவுக்குக் கைகால் கழுவி விடறேன்னு உள்ள போயிடுவேன். நீங்களே பதில் சொல்லிக்குங்க." நீ என்னை மனுஷனாவே மதிக்க மாட்டியா இனிமேன்னு கேட்டேன். அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. அழுதா போலிருக்கு, நான் பாக்கலை, பாக்க தைரியமில்லை. ஸ்டியரிங் வெயில்ல காஞ்சு கையைச் சுட்டுச்சு, எடுக்காம பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். என்ன சொல்லப் போறேன்? ஒண்ணுமில்லடா, போட்டோ சரியில்லையாம், புதுசா எடுத்துக்கிட்டாங்கன்னு சொல்லுவேன். அதுவும் உண்மைதான். அவன் சிரிப்பான், முதுகுல ஒரு தட்டு தட்டுவான், நான்தான் அப்பவே சொன்னேனே, நீ சும்மா பயந்து சாவேன்னு. அப்புறம் ஒரு நாள் அவன் வீட்டுக்கும் கடுதாசி வரும். யாரு போட்டுக் குடுத்திருப்பான்னு என்கிட்டத்தான் வந்து கேப்பான், ராத்திரி பகல் உக்காந்து ஒவ்வொருத்தன் பேரா ரெண்டு பேரும் யோசிப்போம். என் பேரு மட்டும் அவனுக்குத் தோணாது. அவனுக்கு என்மேல சந்தேகமே வராது, எனக்குத் தெரியும்.